ஆண்டு விழாவுக்கு விற்ற நாற்காலி

சரியக்கா ஊக்கை வேண்டுமென்றே குத்தினாள் என்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிதானே குத்தியிருக்க வேண்டும்? தன் வீட்டுப் பிள்ளை மட்டும் மேடையில் மின்னட்டும் என்று குத்தினாள் என்றால், அந்த வீட்டின் மேல் அவளுக்கு ஆத்திரம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். மூன்றாவது வீட்டம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாள், நடுவில் எச்சில்கூட விழுங்குவதில்லை. வீட்டார் தன் நாற்காலியை விற்ற கோபத்தில் இருபது பிள்ளைகளின் டான்ஸையும் சரியக்கா ஊக்கைக் குத்திக் கெடுத்துவிட்டாளாம். தன் அண்ணன் பெண்ணுக்கு மட்டும் தளர்த்திக் குத்தினாளாம். அப்புறம் செலவு தலையில் விழும் என்று பயந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். கேட்கிறவர்களும் "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டுகிறார்கள். ஊக்கு குத்திய கை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த உடுப்பு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்க மட்டும் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கேட்டால் அவரவர் விரல் அவரவரையே காட்டும்.

முதலிலிருந்து சொன்னால்தான் சரிப்படும்.

சரியக்கா என்பது அவள் பேர் இல்லை. அவள் அம்மா வைத்த பேர் வங்கியில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். எதைக் கேட்டாலும் "சரி" என்பாள், அதனால் தெரு வைத்த பேர் அது. "சரியக்கா, சாயந்திரம் எங்க பையனை டியூஷன்லேருந்து கூட்டிட்டு வந்துடுங்களேன்." சரி. "சரியக்கா, ஒரு கல்யாணத்துக்குப் போறேன், கொண்டை போட்டு விடறீங்களா?" சரி. எவ்வளவு தரணும் என்று கேட்கிறவர்களும் உண்டு. கையைப் பைக்குள் விட்டபடி கேட்பார்கள். விட்ட கை காலியாகத்தான் வெளியே வரும்.

கடைத்தெருவில் செருப்புக்கடைக்கு மாடியில் ஓர் அழகு நிலையம் இருக்கிறது. அங்கேதான் அவளுக்கு வேலை. காலையில் நின்றால் ராத்திரி வரைக்கும் நின்ற கால்தான். நூல் பிடித்துப் புருவம் திருத்த வேண்டும், நரைக்குச் சாயம் பூச வேண்டும், வருகிறவர்களின் மாமியார் கதையைக் கேட்டு "ம்" கொட்ட வேண்டும். கடைக்குச் சொந்தக்கார மேடம் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே சரியக்காவின் புருஷன் லாரி விபத்தில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன்தான் "வாம்மா, நம்ம வீடு இருக்கு" என்று கூட்டிக்கொண்டு வந்தான். பிஸ்கட் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். நல்லவன், அதை யார் முன்னாலும் சொல்லலாம். ஆனால் நல்லவனாக இருப்பது ஒன்று, வேண்டிய நேரத்தில் வாயைத் திறப்பது வேறொன்று.

அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள் என்கிறார்கள். அவள் எங்கே உட்கார்ந்தாள்? சம்பளம் வந்ததும் பாதி அண்ணியின் கைக்குப் போய்விடும். மீதிப் பாதியில்தான் அந்த நாற்காலி வந்தது.

அது சாதாரண நாற்காலி இல்லை. கடைத்தெருவின் எதிர்ச் சாரியில் ஓர் அழகு நிலையத்தை மூடினார்கள். அங்கே கிடந்ததைப் பேசி முடித்து, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாங்கினாள். சிவப்பு ரெக்சின் மெத்தை, தலை சாய்க்க ஒரு திண்டு, கீழே இரும்பு வட்டம். கால்மிதியை அமுக்கினால் டுஸ் டுஸ் என்று மேலே போகும், பிடியைத் தள்ளினால் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கும். தெருமுனையில் பல் டாக்டர் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு குழாய், பின்னால் ஒரு பாய் விரிக்க இடம், அதற்கு மேல் ஒன்றும் கொள்ளாது. பல் டாக்டர் நல்ல மனுஷர். "நீ வரேன்னு சொல்லு, வேற யாருக்கும் தர மாட்டேன். ஆனா ரொம்ப இழுக்காதே, ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றிருந்தார். அவளுடைய ஆசை அவ்வளவுதான். தன் கத்தரிக்கோலைத் தன் மேஜை மேல் வைக்க வேண்டும், அதை அங்கே வைக்காதே இங்கே வைக்காதே என்று சொல்ல ஆள் இருக்கக் கூடாது.

அறை கிடைக்கும் வரை நாற்காலி அண்ணன் வீட்டுக் கூடத்தில் நின்றது. பழைய போர்வையைப் போர்த்தித்தான் வைத்திருந்தாள். போர்வை எத்தனை நாள் இருந்தது? அண்ணன் அதில் உட்கார்ந்துதான் டிவி பார்த்தான். அண்ணி அதன் கைப்பிடியில் ஈரத் துண்டைக் காயப் போட்டாள். அண்ணன் மகள் வாலுவுக்கு அது லிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏறிக்கொண்டு, "அத்தை, பத்தாவது மாடி!" என்பாள். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மிதியை அமுக்குவாள். அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு அப்படி ஓர் உயிர். வாலுவும் லேசுப்பட்டவள் இல்லை. பிரிட்ஜ் கதவில் தன் நிழல் தெரிந்தால் போதும், ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலை எடுப்பாள்.

அதனால் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குப் பறவை டான்ஸ் என்று சொல்லி, வாலுவையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பல்லை மூட வைக்க அம்மாக்கள் குரூப் ஒன்று போனில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அது டிங் டிங் என்று அடிக்கும். ஒவ்வொரு டிங்குக்கும் ஒரு செலவு.

"பிராக்டிஸுக்குத் தனியா டி-ஷர்ட் வாங்கணுமாம்" என்றாள் அண்ணி.

"ஆடறதுக்கா அண்ணி?"

"ஆடறதுக்கு இல்ல. ஆடறதுக்குப் பழகறதுக்கு."

"பழகறப்போ யாரு பார்க்கப் போறா?"

"மிஸ் பார்ப்பாங்களாம். எல்லாரும் ஒரே கலர்ல நின்னாத்தான் தப்பா ஆடறவ யாருன்னு தெரியுமாம்."

மறுநாள் வெள்ளி நிற ஷூ. அதை விழா அன்றைக்கு மட்டும்தான் போடலாம். அதற்கு அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு போனால் பள்ளிக்கூடத்திலேயே திட்டுவார்கள், அங்கே கறுப்பு ஷூதான். அப்புறம் மேடை விளக்குக்குப் பங்கு. பிறகு போட்டோக்காரருக்கு. டான்ஸ் மிஸ்ஸுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசு. அந்தப் பரிசை எதற்குத் தருகிறார்கள்? இவ்வளவு செலவு வைத்ததற்கா? ஒரு நாள் டிக்கெட் என்று வந்தது. வீட்டுக்கு இரண்டு பேர், அதுவும் காசு கொடுத்து. அன்றைக்கு அண்ணனே வாயைத் திறந்துவிட்டான்.

"நம்ம பொண்ணை நாம பார்க்க, நாமளே டிக்கெட் வாங்கணுமா?"

"வாங்கணும். பேசாம சாப்பிடுங்க."

பேசாமல் சாப்பிட்டான்.

அண்ணியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. ஒரு நாள் அவள் பிள்ளையைக் கூப்பிடக் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டாள். டான்ஸ் பழகும் சத்தம் மைதானத்திலிருந்து வந்தது. இந்தப் பக்கம் ஒரு வகுப்பறை ஜன்னலில் நாலு பிள்ளைகள் தலையைக் கவிழ்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் ஏன் போகவில்லை என்று வாட்ச்மேனைக் கேட்டாள். "அவங்க பணம் கட்டலம்மா" என்றான். அவ்வளவுதான், அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஜன்னலில் ஐந்தாவது தலையாகத் தன் மகளின் தலை தெரிந்தால் என்ன செய்வது? அம்மா என்று இருந்தால் இந்த நினைப்பு வரத்தான் செய்யும். வரட்டும். அந்த நினைப்போடு நாத்தனாரிடம் வந்து கேட்டிருக்கலாமே. அவள் என்ன சொல்லப்போகிறாள்? அவள் பேரே சரிதானே.

கேட்கவில்லை. உடுப்புக்குத் திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று குரூப்பில் வந்தது. சனிக்கிழமை அழகு நிலையத்தில் கூட்டம் நெரியும், சரியக்கா ராத்திரிதான் வருவாள். ஆண்கள் சலூன் வைத்திருக்கிற ஒருவனை அண்ணி வரச் சொன்னாள். அவன் வந்து பார்த்தான், ஏறி உட்கார்ந்து இரண்டு தரம் மேலே போய்க் கீழே வந்தான், பேரம் படிந்தது. கடையில் கொண்டுபோய் இறக்கித் தந்தவன் அண்ணன். பிஸ்கட் அட்டைப் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு அதை வேனில் ஏற்றினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏற்றும்போது முகம் செத்துப்போய் இருந்ததாம். முகம் எப்படி இருந்தால் என்ன? கை ஏற்றியதே.

ராத்திரி சரியக்கா வந்தாள். கூடத்தில் நாற்காலி நின்ற இடத்தில் தரை மட்டும் வட்டமாகப் புதுசு போல் பளிச்சென்று இருந்தது. அண்ணி சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். அண்ணன் குளியலறைக்குள் போனவன் வெளியே வரவில்லை. வாலுதான் ஓடி வந்தாள்.

"அத்தை, உன் நாற்காலி இருக்குல்ல, அதுதான் என் டிரஸ்ஸாம்! ரெக்கை வெச்சது!"

இதற்கு என்ன சொல்வது? பிள்ளையின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிகிறது. "சரி" என்றாள். அப்புறம் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ சரின்னுதான் சொல்லியிருப்பே. அதான் உன் சிரமத்தைக் குறைச்சேன். சும்மாதானே கிடந்துச்சு? வேற ஒண்ணு வாங்கித் தராமயா போயிடுவோம்?"

சும்மா கிடந்ததாம். சும்மா கிடந்த எதையும் சரியக்கா மாதிரி தினமும் துடைத்து வைப்பார்களா? சரியக்கா பாயை எடுத்து விரித்துப் படுத்துவிட்டாள். இதைத்தான் மூன்றாவது வீட்டம்மா இப்போது பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு சரின்னுதானே சொன்னா? உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டிருந்திருக்கா" என்கிறாள். ஆமாம், உள்ளே இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? அவளும் மனுஷிதான்.

இனிமேல்தான் உடுப்பின் கதை. பள்ளிக்கூடம் கைகாட்டிய தையல்கடையில்தான் தைக்க வேண்டும், வெளியில் தைத்தால் பளபளப்பு மாறிவிடுமாம். வெள்ளைப் பளபளப்புத் துணி. மணிக்கட்டிலிருந்து இடுப்பு வரைக்கும் மடிப்பு மடிப்பாகச் சிறகு. அளவு கொடுக்க அம்மாக்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள். அன்றைக்கு அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்று வாலுவைக் கூட்டிக்கொண்டு போனவள் சரியக்கா.

முன்னால் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள்: "டெய்லர், ஒரு நாலு விரக்கடை கூட வைங்க. வளர்ற பொண்ணு. அடுத்த வருஷமும் இதையே போட்டுடலாம்."

அடுத்தவள், "எனக்கு ரெண்டாவது பொண்ணு இருக்கா. அவளுக்கும் ஆகற மாதிரி வைங்க" என்றாள். மூன்றாவது வீட்டம்மாவும் வரிசையில் நின்றாள். தன் பேத்திக்கு ஒரு சாணே கூட்டி வைக்கச் சொன்னாள். "இவ்வளவு காசு குடுக்கறோம், துணியாவது நிறைய இருக்கட்டும்!"

சரியக்காவின் முறை வந்தது. அவள் மட்டும் விட்டுவிடுவாளா? அவளுக்கு அது துணியா? சிவப்பு ரெக்சின் நாற்காலி. "அண்ணே, ரெண்டு வருஷமாவது வரணும். நல்லா தாராளமா வைங்க" என்று அவளும் சொன்னாள். இதில் அவளும் கூட்டுத்தான், மறைக்க ஒன்றுமில்லை. தையல்காரர் பாவம், அனுபவஸ்தர். எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாகத் தானே இரண்டு விரல் கூட்டித்தான் வெட்டுவார், பின்னால் குட்டையாகிவிட்டது என்று சண்டைக்கு வரக் கூடாதே என்று. இவர்கள் கூட்டியதன் மேல் அவரும் கூட்டினார். ஒரு பிள்ளைக்கு மட்டும் இப்படி நடந்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். இருபது பிள்ளைக்கும் நடந்தது. ஒருத்தியும் அடுத்தவளிடம் சொல்லவில்லை, தன் சாமர்த்தியம் தன்னோடு இருக்கட்டும் என்று.

உடுப்பு விழா அன்றைக்குக் காலையில்தான் வந்தது. அது எந்த ஊரில் முந்தின நாள் வந்திருக்கிறது?

பிள்ளைகளுக்கு மேக்கப் போட ஆள் வைத்தால் அதற்குத் தனிச் செலவு. "எங்க வீட்லயே ஆள் இருக்கு" என்று அண்ணி குரூப்பில் போட்டுவிட்டாள். சரியக்கா மேடத்திடம் லீவு கேட்டாள். "நாளைக்கா? நாளைக்குத்தானே எல்லா அம்மாக்களும் தலையை செட் பண்ணிக்க வருவாங்க! லீவு வேணும்னா எடுத்துக்கோ, சம்பளத்துல பிடிப்பேன்" என்றாள் மேடம். பிடித்துக்கொள்ளட்டும் என்று, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பின்வாசல் வழியாகப் போனாள். முன்வாசல் வழியாகப் போக அவளிடம் டிக்கெட் ஏது? இரண்டு டிக்கெட்டும் அண்ணனுக்கும் அண்ணிக்கும்.

உள்ளே போய்ப் பார்த்தால், ஐயோ, பிள்ளைகளைக் காணோம். உடுப்புகள் மட்டும் நடமாடுகின்றன. கழுத்து தோளை விட்டு வழுக்குகிறது, கை எங்கே என்று தெரியவில்லை, கீழே துணி தரையைக் கூட்டுகிறது. ஒரு குட்டி தன் சிறகையே மிதித்து விழுந்து அழுதது. டான்ஸ் மிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்ன பறவையா, தலையணை உறையா? இன்னும் அரை மணி நேரத்துல மேடை ஏறணும்!"

அம்மாக்கள் எல்லோரும் அரங்கத்தில் டிக்கெட் போட்டு முன்வரிசைக்கு முட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஊக்கு வைத்திருந்தவள் ஒருத்திதான். சரியக்கா மேக்கப் டப்பாவை மூடிவிட்டு ஊக்கு டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகத் திருப்பி நிறுத்தி, முதுகில் துணியைச் சேர்த்துப் பிடித்து, தோளில் ஒன்று, அக்குளில் ஒன்று, இடுப்பில் மடித்து இரண்டு என்று குத்திக்கொண்டே போனாள். வாயில் நாலு ஊக்கு, கையில் ஒன்று. பாதியில்தான் புரிந்தது, இப்படிக் குத்தினால் கை மேலே போகாது.

"மிஸ், கையைத் தூக்கினா ஊக்கு பிச்சுக்கும். இடுப்புக்கு மேல தூக்க வேணாம்னு சொல்லிடுங்க."

"பறவை எப்படிங்க இடுப்புக்குக் கீழ பறக்கும்?"

"இன்னிக்கு மரத்துல உட்கார்ந்திருக்கிற பறவைன்னு வெச்சுக்குங்க மிஸ். வேற வழி இல்ல."

மிஸ்தான் பிள்ளைகளுக்குச் சொன்னாள், "யாரும் கையைத் தூக்கக் கூடாது" என்று. தன் வாயால் சொன்ன மிஸ் இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். போகட்டும். அவளுக்கும் வேலை நிலைக்க வேண்டுமே.

தன் வீட்டுப் பிள்ளையைச் சரியக்கா கடைசியில் நிறுத்தினாள். ஊரார் பிள்ளைகள் காத்து நிற்க, தன் பிள்ளைக்கு முதலில் குத்தினால் நன்றாகவா இருக்கும்? வாலுவின் முறை வரும்போது டப்பா காலி. மூலையில் இரண்டு கொண்டை ஊசி கிடந்தது. அதை வைத்து ஒப்பேற்றினாள். "செல்லம், நீ மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், என்ன?" என்றாள். தலையை ஆட்டிவிட்டு ஓடியது அந்த வாலு. இதுதான் அந்தப் பெரிய சதி.

திரை விலகியது. பாட்டு வானம், மேகம் என்று உயர உயரப் பறக்கிறது. மேடையில் இருபது பிள்ளைகள் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு படக் படக் என்று அடிக்கிறார்கள். முன்வரிசையில் ஒரு மனுஷன், "என்னங்க இது, கோழிப் பண்ணையா?" என்று கேட்டுவிட்டான். சிரிப்பு அப்படியே பின்வரிசை வரைக்கும் போயிற்று. மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்ற சரியக்காவுக்குப் பிள்ளைகளின் முதுகும் அவள் குத்திய ஊக்குகளும்தான் தெரிந்தன.

வாலுவுக்குப் பொறுக்கவில்லை. பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இரண்டு கையையும் மேலே வீசினாள். கொண்டை ஊசி எங்கேயோ பறந்தது. மடித்து வைத்த துணி முழுக்க அவிழ்ந்து, சிறகு அவள் கையைத் தாண்டி நீண்டு விரிந்தது. அந்தப் பெரிய சிறகை வைத்துக்கொண்டு அவள் மேடை முழுவதும் சுற்றினாள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கைதட்டியது. சரியக்காவும் தட்டினாள், பின்னால் நின்றபடி.

தட்டிய கை ஓயும் முன்பே வாசலில் பேச்சு கிளம்பிவிட்டது. "ஏங்க, அவங்க பொண்ணுக்கு மட்டும் கழண்டு வர்ற மாதிரி குத்தியிருக்காங்க பாருங்க." "நம்ம பிள்ளைங்கள எல்லாம் கட்டிப் போட்டுட்டாங்க." "அவங்க நாற்காலிய வித்துட்டாங்கல்ல, அந்தக் கடுப்பு." மூன்றாவது வீட்டம்மாதான் நாற்காலிப் பேச்சை எடுத்துக் கொடுத்தது. இவ்வளவும் தெரிந்தவளுக்குத் தன் பேத்திக்குச் சாண் கணக்கில் கூட்டச் சொன்னது மட்டும் மறந்துவிட்டது.

அது அங்கேயே முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கைதட்டலைக் கேட்ட தலைமையாசிரியை, அடுத்த மாதம் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு இதே டான்ஸை அனுப்பலாம் என்றாள். குரூப்பில் டிங் டிங். ஊக்கு இழுத்ததில் துணியெல்லாம் கிழிந்திருக்கிறது, மறுபடி தைக்க வேண்டும், இந்தத் தடவை அளவாக. யார் பணம் கொடுப்பது? "குத்தினவங்க பதில் சொல்லட்டும்" என்று யாரோ எழுதினார்கள். பள்ளிக்கூட வாசலில் நாலு பேர் அண்ணியைச் சுற்றி நின்றார்கள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தப்பித்தால் போதும் என்று, "எங்க பொண்ணோடதும் உங்க பிள்ளைங்களோடதும் சேர்த்து எங்க நாத்தனார் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இருபது உடுப்பு! யாருடைய சம்பளம், யாருடைய வாய்!

அதே வாரம் பல் டாக்டர் சரியக்காவைத் தெருவில் நிறுத்தினார். "போன் உறை விக்கிற பையன் ரூமைக் கேட்கறாம்மா. ஒண்ணாம் தேதிக்கு மேல என்னால நிறுத்த முடியாது." நாற்காலி போனால் என்ன, ஸ்டூலைப் போட்டாவது தொடங்குகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த மாதச் சம்பளம்தான் அட்வான்ஸ்.

சம்பளம் வாங்கிய மறுநாள் காலை. அண்ணி கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தடவை முழுசா குடுத்துடும்மா. ஸ்கூல்ல சொல்லிட்டு வந்துட்டேன்."

"முடியாது அண்ணி."

அந்த வீட்டுச் சுவர் அந்தக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அண்ணி, "என்னது?" என்றாள்.

"முடியாது. ரூமுக்குக் குடுக்கணும். இன்னிக்கு விட்டா அது போயிடும்."

"வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே! நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"யாரு யாரு எவ்வளவு கூட்டித் தெக்கச் சொன்னாங்கன்னு அந்த டெய்லர்கிட்ட கேட்கச் சொல்லுங்க. நானும்தான் சொன்னேன், என் பங்கை நான் தரேன். ஊர்ப் பங்கை ஏன் தரணும்?"

"அப்ப நாற்காலிய மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பேசறே."

"வெச்சிருக்கேன் அண்ணி. இல்லைன்னு சொன்னா பொய். வலிச்சுது. ஆனா ஊக்கை அதுக்காகக் குத்தல."

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றான். சரியக்கா அவன் வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் கேட்காமல் கேட்டது ஒன்றே ஒன்று, இந்த ஒரு தடவை வாயைத் திறக்க மாட்டானா என்று. திறந்தான்.

"ஏம்மா, நிஜமாவே... வேணும்னு பண்ணலியே?"

நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனதைப் பொறுத்துக்கொண்டவளால் இதைப் பொறுக்க முடியவில்லை. தெருவே சொன்னாலும் சொல்லட்டும் என்று இருந்தவள் அவள். கூடப் பிறந்தவன் கேட்கிறான். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "நீயும் கேட்டுட்டியாண்ணே" என்றாள். உள்ளே போய்த் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். நாலு புடவை, சீப்புகள், கத்தரிக்கோல், நூல்கண்டு. பாயைச் சுருட்டினாள்.

வாலு யூனிபார்மில் சீப்பும் ரிப்பனுமாக வந்து நின்றது. பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மணியாகிறது என்பது மட்டும்தான் தெரியும். சரியக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, எண்ணெய் தடவி, இரண்டு பின்னலும் வழக்கம் போல் இறுக்கிப் பின்னினாள்.

"அத்தை, போட்டிக்கு வருவியா?"

"டிக்கெட் இருந்தா வரேன்."

"நானே எழுதித் தரேன், காசு வேணாம்."

"அப்படின்னா கண்டிப்பா வரேன்."

அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். அண்ணன் பையை வாங்கப் போனான். "நில்லும்மா, நான் கொண்டு வந்து விடறேன்."

"வேணாண்ணே. நடக்கற தூரம்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு, பை ஒரு கையிலும் பாய் ஒரு கக்கத்திலுமாகப் படியிறங்கினாள். மூன்றாவது வீட்டம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன, மூட்டை முடிச்செல்லாம்? ஊருக்கா?"

"இல்லீங்க. கடை திறக்கப் போறேன்."

சொல்லிவிட்டுத் தெருமுனைப் பக்கம் நடந்தாள்.